நடுப்பாத்திக்கு ஆடிய நாடு

நாடு பிடிக்கிற ஆட்டத்துக்கு ஒரு கத்தியும் கொஞ்சம் ஈர மண்ணும் போதும். தரையில் ஒரு கட்டம் கிழிக்க வேண்டும். நடுவில் ஒரு கோடு. அந்தப் பக்கம் உன் நாடு, இந்தப் பக்கம் என் நாடு. என் நாட்டில் நின்றுகொண்டு உன் நாட்டுக்குள் கத்தியை எறிவேன். கத்தி குத்தி நின்றால், அதன் அலகு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமாகவே இரண்டு முனையும் எல்லையைத் தொடும்வரை கோடு இழுப்பேன். வெட்டுப்பட்ட துண்டில் என் நாட்டோடு ஒட்டியிருப்பது எனக்கு. கத்தி சாய்ந்து விழுந்தால் உன் முறை. நாடு சுருங்கச் சுருங்க நிற்க இடம் குறையும். இரண்டு காலில் நின்றவன் ஒற்றைக் காலுக்கு வருவான். ஒற்றைக் காலும் வைக்க இடமில்லாதவன் தோற்றவன்.

அவ்வளவுதான் ஆட்டம். காய் கிடையாது. கட்டை உருட்டுவது கிடையாது. அதிர்ஷ்டம் என்று எதன் மேலும் பழி போட முடியாது.

எங்கள் தோட்டத்தில் இதைப் பெரிய ஆட்கள்தான் ஆடினோம். கத்தி எங்களிடம்தான் இருந்தது. நான் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடி உயர்ந்துபோனால் அதை முழங்கால் அளவுக்கு வெட்டிவிடுவது கவ்வாத்து. ஆளுக்கு இத்தனை செடி என்று கங்காணி பிரித்துக் கொடுப்பார். முடித்தவன் வீட்டுக்குப் போகலாம். கை வேகமான ஆள் ஒரு மணிக்கெல்லாம் மலையை விட்டு இறங்கிவிடுவான். குளித்துவிட்டுப் பெரட்டுக்களத்துக்கு வருவோம். காலையில் ஆள் பிரிக்கிற இடம் அது. மத்தியானத்தில் சும்மா கிடக்கும்.

வேலைக் கத்தியால் ஆடமாட்டோம். மண்ணில் குத்தினால் வாய் போய்விடும். தேய்ந்த பழைய கத்தி ஒன்றை நுனி தீட்டி வைத்திருந்தோம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் கடைசி எறிக்கு முன்னால் "போதும்" என்று சொல்லலாம். சொன்னவன் எந்த இடத்தில் நிற்கிறானோ அந்த இடம் அவனுக்கு. அதற்கு மேல் யாரும் எறியக்கூடாது. ஆனால் சொல்கிறவன் குறைவு. சொன்னால் அந்தக் கிழமை முழுக்கக் கிண்டல்தான்.

நான் நன்றாக ஆடுவேன். படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. கத்தி மட்டும் நினைத்த இடத்தில் நிற்கும். கொழுந்து நிறுக்கப் போகிற பொம்பளைகள் களத்தைத் தாண்டும்போது கேட்பார்கள்.

"என்னண்ணே, இன்னைக்கி எத்தன நாடு?"

"மூணு."

"அதுல ஒன்னக் கூப்பன் கடையில குடுத்து ரெண்டு றாத்தல் மாவு வாங்கிட்டு வாங்க."

அது எழுபதுகளில் இலங்கையில் மாவுக்கும் பாண் ரொட்டிக்கும் வரிசையில் நின்ற காலம். தோட்டத்தில் கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை கொடுத்தார்கள். ரேசன் கூப்பனுக்குக் கிடைக்கிற அரிசி மூன்று நாளைக்குக் காணாது. பசறை டவுனில் கூப்பன் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் கடையிலும் தட்டு காலியாகத்தான் இருந்தது. பாத்தியில் என்ன முளைக்கிறதோ அதுதான் சோறு.

எங்கள் லயம் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. கடைசி மூன்றைச் சொன்னால் போதும். முதலாவதில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். நடுவில் ஒரு பெரியவர். அவரை அண்ணன் என்று கூப்பிடுவோம். மூன்றாவதில் என் மச்சான், அவர் மனைவி, நாலு பிள்ளைகள். மச்சான் என்றால் இரத்த உறவு இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆன உறவு. அவரும் என்னோடு கவ்வாத்து வெட்டுகிறவர்.

லயத்துக்குப் பின்னால் ஒரு கான் ஓடும். மழைத் தண்ணி போகிற வாய்க்கால். கானுக்கு அந்தப் பக்கம் சரிவு. அந்தச் சரிவில் ஒவ்வொரு காம்பராவுக்கும் நேராக ஒரு பாத்தி. என் பாத்தியும் மச்சான் பாத்தியும் சின்னவை. அண்ணனின் நடுப்பாத்தி பெரிசு. அதற்கு மேலே தேயிலை செத்துப்போன இடம் கிடந்தது. அதையும் வருசக்கணக்காகத் திருத்திச் சேர்த்திருந்தார். காலால் எட்டி வைத்து அளந்தால் பத்து எட்டு அகலம், பதினாலு எட்டு நீளம். வத்தாளை என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மரவள்ளி, அவரை எல்லாம் போட்டிருந்தார். குறுக்கே மூன்று வரிசை, ஆழ வேர்விடுகிற மானாப்புல்லும் வைத்திருந்தார். புல்லை ஏன் வைத்திருக்கிறார் என்று நான் கேட்டதில்லை.

அண்ணனுக்கு இந்தியாவுக்குப் போகக் கடிதம் வந்தது. எங்கள் லயத்தில் பாதிப் பேர் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாதிப் பேர் இலங்கைக்கு. யாருக்கும் பத்திரம் கைக்கு வரவில்லை. அண்ணனுக்கு முதலில் வந்தது.

போகிறதுக்கு முன்னால் ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொல்லிக்கொண்டார். கையில் இருந்ததையெல்லாம் கொடுத்தார். எங்களுக்கு ஒரு அண்டா. மச்சானுக்கு உரல். கோழிகளைக் கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்கு. வதுளை ஸ்டேசன் வரைக்கும் நாங்கள் எல்லாம் போனோம். ரயில் கிளம்பும்போது பொம்பளைகள் சாவு வீட்டில் அழுகிற மாதிரி அழுதார்கள். அண்ணன் ஜன்னலில் கை வைத்தபடி போனார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மச்சானும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பாதி வழி வந்தாயிற்று. பிறகு மச்சான் சொன்னார்.

"பாவம் மனுசன். போறப்பகூட எம் பிள்ளைகளத்தான் நெனச்சாரு. பாத்திய நீ வச்சுக்கன்னுட்டாரு."

"எந்தப் பாத்திய?"

"அவருக்கு எத்தன பாத்தி இருக்கு? நடுப்பாத்தியத்தான்."

"எப்ப சொன்னாரு?"

"நேத்து. ஒரலக் குடுக்க வந்தப்ப."

"எனக்கு முந்தாநேத்தே சொல்லிட்டாரு மச்சான்."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நேத்துச் சொன்னதுதானே கடைசிச் சொல்லு?"

"மொதச் சொல்லு எனக்கு."

முன் சீட்டில் இருந்த மச்சானின் மனைவி திரும்பாமலே சொன்னாள்.

"ரெண்டு பேரும் இங்கனயே எறங்குங்க. கப்பல் ஏறுறதுக்குள்ள ஓடிப்போயி அவருகிட்டயே கேட்டுட்டு வந்துருங்க."

பஸ்ஸில் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை.

அண்ணன் ஏமாற்றுகிற ஆள் இல்லை. யார் முகமும் வாடப் பார்க்கமாட்டார். என் வாசலில் நின்றபோது என் பிள்ளைகளைப் பார்த்திருப்பார். கொடுத்துவிட்டார். அவர் வாசலில் நின்றபோது அவர் பிள்ளைகளைப் பார்த்திருப்பார். அங்கேயும் கொடுத்துவிட்டார். இப்போது எனக்குப் புரிகிறது. அப்போது புரியவில்லை.

என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். கொழுந்து எடுக்கப் போவாள். மூன்று நாள் வேலைதான். அவள் ஒரு நாள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னாள்.

"மாசியில பிள்ள பெறக்கும். அன்னைக்கி இந்த வீட்டுல திங்க எதாச்சும் இருக்கணும்."

அதை மட்டும் நான் மனதில் வைத்துக்கொண்டேன். அந்தப் பாத்தி எனக்கு வேண்டும். முழுசாக வேண்டும். மச்சானுக்கு நாலு பிள்ளைகள் என்பதை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். நினைத்துத் தள்ளி வைத்தேன்.

தொழிற்சங்கத் தலைவர் எங்கள் லயத்தில்தான் இருந்தார். பேசித் தீர்க்க வந்தார். பாதி பாதி என்றார். மச்சான் சரி என்றார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"பாதி எனக்கும் காணாது, அவருக்கும் காணாது. ஒரு ஆளு எடுக்கட்டும்."

"யாருன்னு எப்பிடிச் சொல்றது?" என்றார் தலைவர்.

"ஆடுவோம்," என்றேன்.

தலைவர் முதலில் சிரித்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். என் கத்தி நிற்கும் என்று மச்சானுக்குத் தெரியும். களத்தில் எத்தனையோ தடவை என்னிடம் தோற்றவர். ஆனால் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். முடியாது என்று எப்படிச் சொல்வார்?

"ஆடுறேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆடினோம். பாத்தியைக் காலால் அளந்து, ஒரு எட்டுக்கு ஒரு சாண் என்று களத்தில் கட்டம் கிழித்தார் தலைவர். பாத்தி எப்படியோ அப்படியே. மேல் பக்கம் தேயிலை, கீழ்ப் பக்கம் கான். இடது பக்கம் பாதி எனக்கு, வலது பக்கம் பாதி மச்சானுக்கு. இங்கே எந்தத் துண்டு யாருக்கு வருகிறதோ அங்கேயும் அந்தத் துண்டு அவருக்கு. இதுதான் பேச்சு.

நான் மேல் பக்கமாகவே வெட்டினேன். மேலேதான் வெயில் விழும். மூன்று எறியில் மச்சானின் மேல் நாடு முழுக்க எனக்கு வந்தது. அவர் எறிந்தால் இரண்டுக்கு ஒன்று சாய்ந்தது. நின்ற எறியிலும் கோடு சின்னதாகத்தான் விழுந்தது. அவர் கீழே கீழே இறங்கினார். சுற்றி நின்றவர்கள் விடவில்லை.

"மச்சான், இன்னும் கொஞ்சம் போனா கானுக்குள்ளதான் நிக்கணும்!"

"அவருக்குக் கப்பல் வருது, விடுங்கப்பா!"

கடைசியில் அவருக்குக் கான் ஓரத்தில் ஒரு முக்கோணம் மிச்சம். அதில் ஒற்றைக் காலில் நின்றார். இன்னொரு காலைத் தூக்கிப் பிடித்திருந்தார். பெருவிரல் கோட்டைத் தொடாமல் இருக்க மடக்கி வைத்திருந்தார். அவர் மனைவி கூட்டத்துக்குப் பின்னால் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

என் முறை. எறிந்தேன். கல்லில் பட்டுக் கத்தி சாய்ந்தது. மச்சான் எறிந்தார். அதுவும் சாய்ந்தது. திரும்பவும் என் முறை. கத்தியை எடுத்தேன்.

"போதும்," என்றார் மச்சான்.

காலைக் கீழே வைத்தார். யாரும் கிண்டல் பண்ணவில்லை. அவர் மனைவி திரும்பி லயத்துக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கே பாத்தியில் முளை அடித்தோம். சாணை எட்டாக்கி அளந்தார் தலைவர். மச்சானுக்கு வந்தது வலது மூலையில், கான் ஓரமாக, இரண்டு பாய் விரிக்கிற இடம். மற்றதெல்லாம் எனக்கு. ஒரு முளையைத் தலைவர் தவறி என் பக்கம் ஒரு முழம் உள்ளே அடித்துவிட்டார். அதனால் மச்சானுக்கு ஒரு முழம் கூடியது. மச்சானே அதைப் பிடுங்கிச் சரியான இடத்தில் அடித்தார்.

"அவருது அங்க வரைக்கும்," என்றார். என்னைப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து கொத்தினேன். வேலை இல்லாத நாள் முழுக்க, வேலை உள்ள நாள் மத்தியானத்துக்குப் பிறகு. ஜெயித்த இடம் சும்மா கிடக்கக்கூடாது என்று ஒரு வெறி. அண்ணன் கிழங்கெடுத்துவிட்டு விட்டுப்போன கொடியையெல்லாம் அறுத்து ஓரமாக வைத்துவிட்டு மேலிருந்து கீழ்வரை மண்ணைப் புரட்டினேன். குறுக்கே இருந்த மானாப்புல் மூன்று வரிசையையும் வேரோடு பிடுங்கினேன். அதை எடுத்தால் இன்னும் மூன்று வரிசைக் கிழங்கு போடலாம். கணக்கு அதுதான்.

மனைவி கானில் நின்று பார்த்தாள்.

"அந்தப் புல்ல ஏன் பிடுங்குறீங்க?"

"சும்மாதானே நிக்கிது."

"அண்ணன் வேல இல்லாமயா வச்சிருந்தாரு?"

"இப்ப இது நம்ம எடம்."

"நம்ம எடத்துல புல்லு நிக்கக்கூடாதாக்கும்."

புல்லை மாட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். கொடி நட்டேன். மரவள்ளிக் குச்சி நட்டேன். பாத்தி முழுக்கக் கருப்பு மண். பார்க்க நன்றாக இருந்தது. மச்சான் தன் இரண்டு பாய் இடத்தில் சேம்பு வைத்தார். நடுவில் நாலு கீரை விதை தூவினார். ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டார். இரண்டு பேரும் வேலைக்கு ஒன்றாகத்தான் போனோம். பக்கத்து நிரையில்தான் வெட்டினோம். பேச்சு குறைந்துவிட்டது.

ஐப்பசியில் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை வந்தால் விடாது. இரண்டு நாள் பெய்தது. மூன்றாம் நாள் விடிகாலையில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி. கதவைத் திறந்து பார்த்தேன்.

என் நடுப்பாத்தி மஞ்சளாக இருந்தது. அடிமண் மட்டும் கிடந்தது. கருப்பு மண்ணைக் காணோம். கொடியைக் காணோம். மரவள்ளிக் குச்சி இரண்டு மூன்று சாய்ந்து நின்றன. சரிவு வலது பக்கமாகச் சாய்ந்திருந்ததால் எல்லாம் அந்தப் பக்கம் போயிருந்தது. மச்சானின் சேம்பு இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு என் மண் குவிந்திருந்தது. மிச்ச மண் கானை அடைத்துவிட்டது. தண்ணி போக வழியில்லாமல் திரும்பி மச்சான் காம்பராவுக்குள் போய்க்கொண்டிருந்தது.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மச்சான் ஏற்கனவே கானில் இறங்கி வெட்டிக்கொண்டிருந்தார். சாக்கைத் தலையில் போட்டிருந்தார். நானும் இறங்கினேன். பின் வாசலில் அவர் மனைவி தட்டால் தண்ணியை வாரி ஊற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் நாலும் கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தன. என்னைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்தாள்.

"வாங்கண்ணே. நாடு பிடிச்சவரு வாறாரு, வழி விடுங்க பிள்ளைகளா. பிடிச்ச நாட்டயும் கையோட எங்க வீட்டுக்குள்ள அனுப்பி வச்சிட்டாரு. எங்க வைக்கிறது? அடுப்புக்குப் பக்கத்துல வைக்கவா?"

"விடுடி," என்றார் மச்சான்.

"என்னத்த விட? மாவு இருந்த டின்னு மொதக்குது."

அந்த மாவு அந்தக் கிழமைக்கு உள்ளது. எனக்குத் தெரியும். நானும் அவரும் ஒரே வரிசையில் நின்றுதான் வாங்கினோம்.

கான் திறக்க ஒரு மணி நேரம் ஆனது. தண்ணி இறங்கியது. மச்சான் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன்.

"புல்லப் பிடுங்கியிருக்கக் கூடாது," என்றேன்.

"ம்," என்றார்.

எங்கள் வீட்டு மாவில் பாதியை மனைவி கொண்டுபோய்க் கொடுத்தாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் திரும்பி வந்து ஒரு மூலையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் வயிற்றில் கை வைத்திருந்தாள்.

"மாசிக்கி என்னா செய்யிறது?" என்றாள்.

மழை விட்டது. வெயில் வந்தது. கொடி இன்னும் வாங்கலாம். தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் கேட்டால் கொடுப்பார்கள். நட மண் வேண்டும். மஞ்சள் மண்ணில் ஒன்றும் பிடிக்காது. என் மண் முழுக்க மச்சான் இடத்தில் கிடந்தது. இரண்டு பாய் இடத்தில் ஒரு மலை மாதிரி.

"போயிக் கேளுங்க," என்றாள் மனைவி.

"அவரு எடத்துல கெடக்கிறத நான் எப்பிடிக் கேக்க?"

"வாயாலதான்."

போகவில்லை. முளை அடித்தாகிவிட்டது. அந்தப் பக்கம் கிடப்பது அவருடையது. ஆட்டம் கேட்டது நான். இப்போது போய் மண்ணைக் கொடு என்று நிற்க எனக்கு முகம் இல்லை. நாலு நாள் போனது. ஒவ்வொரு நாளும் நடுகிற பருவம் ஒரு நாள் குறைகிறது.

அடுத்த ஞாயிறு காலையில் பின்பக்கம் ஆள் நடக்கிற சத்தம் கேட்டது. பார்த்தேன். மச்சான் சரிவில் ஏறிக்கொண்டிருந்தார். அவர் மனைவியின் கொழுந்துக் கூடையை முதுகில் போட்டு, கயிற்றை நெற்றியில் மாட்டியிருந்தார். எங்கள் பக்கம் ஆம்பளை அப்படிக் கூடை மாட்டமாட்டான். பொம்பளைகள் மாட்டுகிற கூடை. உள்ளே முட்ட முட்ட மண். மேலே போய் என் பாத்தியின் தலைமாட்டில் கொட்டினார். கொட்டிவிட்டு இறங்கினார்.

"என்னா மச்சான் செய்யிற?" என்றேன்.

"ஒம் மண்ணு."

"அது ஒன் எடத்துல கெடக்கு."

"எடம் என்னுது. மண்ணு ஒன்னுது. ஆட்டத்துல நாம எடத்துக்குத்தான் கோடு போட்டோம். மண்ணுக்குப் போடல."

"நீயே வச்சுக்க."

"வச்சு? ரெண்டு பாயில எத்தன அடி ஒசரத்துக்கு வெவசாயம் பண்ணுறது? ஏணி வச்சா கீர பறிக்க?"

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் வந்த நாளுக்குப் பிறகு அவரும் அன்றைக்குத்தான் சிரித்தார்.

அடுத்த காம்பராக்களில் இருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. யாரோ ஒரு பொம்பளை கத்தினாள்.

"என்னண்ணே, கூட மாட்டிட்டீங்க! நாளைக்கி மலைக்கி வாறீங்களா? கங்காணிகிட்டப் பேரு குடுக்கவா?"

"குடு. ஒன்ன விட நாலு றாத்தல் கூட எடுப்பேன்," என்றார் மச்சான்.

நானும் மனைவியின் கூடையை எடுத்தேன். கயிறு நெற்றியில் அறுத்தது. ஈர மண் கொழுந்து மாதிரி இல்லை. சரிவில் ஒவ்வொரு நடைக்கும் மூச்சு வாங்கியது. இருட்டுகிறதுக்குள் பாதி மண்தான் மேலே போனது. மிச்சத்துக்கு இன்னும் இரண்டு ஞாயிறு ஆனது.

மிச்சத்தைச் சுமக்கிறதுக்கு முன்னால் மச்சான் ஒரு வேலை சொன்னார். புல் இருந்த இடத்தில் கல் கட்டுவோம் என்றார். ஓடையில் இருந்து கல் உருட்டி வந்து குறுக்கே மூன்று வரிசை கட்டினோம். மண்ணை அதற்குப் பின்னால் கொட்டினோம். மூன்று தட்டாக நின்றது பாத்தி. மானாப்புல்லும் கொஞ்சம் கொண்டுவந்து கல்லுக்கு இடையில் வைத்தார் மச்சான்.

முடிந்த அன்றைக்கு நான் சொன்னேன்.

"மேல் தட்டு ஒன்னுது மச்சான்."

"வேணாம்."

"ஏன்?"

"தோத்தது தோத்ததுதான். ஊரு பாக்க ஆடினோம். சும்மா வாங்கினேன்னு பேரு வேணாம்."

"அப்ப திரும்ப ஆடுவோம். நான் இடது கையால எறியிறேன்."

"அது அதவிடக் கேவலம்."

கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவரை எப்படிச் சமாளிக்கிறது என்று தெரியவில்லை. அவர் பிள்ளைகளும் சாப்பிட வேண்டும். அவரிடம் இருப்பது சின்னப் பாத்தியும் இரண்டு பாய் இடமும். சேம்பு செத்துவிட்டது.

அதை மனைவிதான் செய்தாள். எப்படி என்றால், நடுகிற அன்றைக்கு நேராக மச்சான் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம், "அண்ணி, என்னால குனிய முடியல. வந்து நட்டுக் குடுங்க," என்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரி கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? அவளும் வந்தாள். கொடி பக்கத்து டிவிசனில் இருந்து பாதி நான் வாங்கினேன். பாதி அவள் தன் தங்கை வீட்டில் இருந்து கொண்டுவந்தாள். ஒரு வரிசை இவள் கொடி, அடுத்த வரிசை அவள் கொடி. மூன்று தட்டும் அப்படியே. மச்சான் வேலையில் இருந்து வந்து பார்த்தார். கானில் நின்று வரிசைகளை எண்ணினார்.

"எந்த வரிச யாருது?" என்றார்.

"மறந்துபோச்சு," என்றாள் அவர் மனைவி.

மார்கழியில் கொடி ஓடி ஒன்றோடொன்று பின்னிவிட்டது. அதற்குப் பிறகு பிரிக்க யாராலும் முடியாது. கொடி கல்லைத் தாண்டி, முளையைத் தாண்டி, மச்சானின் இரண்டு பாய் இடத்துக்குள்ளும் இறங்கியது. அதை இழுத்து விடுவதா என்று நான் கேட்டேன். விடு, நிலத்தை மூடட்டும் என்றார் மச்சான்.

இடையில் களத்திலும் ஆடினோம். மச்சானும் நானும். அவர் ஒரு தடவை ஜெயித்தார். நான் விட்டுக்கொடுத்தேன் என்று சிலபேர் சொன்னார்கள். இல்லை. அன்றைக்கு என் கத்தி நிற்கவில்லை.

மாசி பிறந்து பத்து நாள் இருக்கும். வீட்டில் மாவு முடிந்தது. கூப்பனுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. மனைவியால் நடக்க முடியவில்லை. பாத்திக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தாள். மச்சானின் மனைவி கொத்தினாள். மச்சானும் நானும் மண்ணைக் கிளறிக் கிழங்கை எடுத்தோம். நல்ல கிழங்கு. கை அளவு, சில கிழங்கு அதைவிடப் பெரிசு. எல்லாம் ஒரே குவியல்.

மச்சான் பெரிய கிழங்கையெல்லாம் எடுத்து எங்கள் சாக்குப் பக்கம் வைத்தார். சின்னதைத் தன் பக்கம் தள்ளினார்.

"அதெல்லாம் வேணாம்ணே," என்றாள் என் மனைவி. "வாய்க்கு இத்தனன்னு போடுங்க. நீங்க ஆறு பேரு. நாங்க நாலு."

"அப்பிடிப் போட்டா எங்களுக்குக் கூடப் போகுமே தங்கச்சி."

"போகட்டும்."

"பாத்தி ஒங்களுது."

"சரி, வயித்துல கெடக்கிறதயும் ஒரு ஆளாச் சேத்துக்கிறேன். அஞ்சு. போதுமா?"

மச்சான் விரல்விட்டு எண்ணினார். கணக்குச் சரியாக இருந்தது. வாய்க்கு இத்தனை என்று அவரே பிரித்தார். ஒரு கிழங்கு மிஞ்சியது. அதைப் பிள்ளைகளிடம் எறிந்தார். அதுகள் அடித்துக்கொண்டன.

சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போது என் பக்கத்தில் நின்றார்.

"யாராச்சும் கேட்டா ஒன் பாத்தின்னுதான் சொல்லுவேன் மச்சான். ஆட்டத்துல நீதான் ஜெயிச்ச."

"சொல்லிக்க," என்றேன்.

அன்றைக்குச் சாயந்தரம் கிழங்கு அவித்துக் கொச்சி மிளகாய்ச் சம்பலோடு சாப்பிட்டோம். என் மனைவி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். நாலு நாள் கழித்துப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. மச்சானின் மனைவிதான் கூட இருந்தாள்.